ஈரக்கோணி போர்த்திய குதிரை

பிள்ளைகளே, நீங்கள் வாலைப் பிடித்து இழுத்தாலும் சாதுவாக நிற்கிறதே கோட்டை லாயத்துச் செம்பட்டைக் குதிரை, அது பாரசீகக் கரையிலிருந்து கப்பலில் வந்தது. அங்கேயும் வெயில் கொளுத்துமாம். ஆனால் வியர்வை வந்ததும் காய்ந்துவிடும். நம் ஏரிக்காற்றில் துவைத்த துணியே காய்வதில்லை, குதிரை எப்படிக் காயும்? வந்த புதிதில் நாலடி ஓடினால் மூக்கு விரிந்து, விலா துடிக்க நின்றுவிடும்.

ஒல்லாந்துத் துரை, குதிரை பார்க்கும் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: துணிமூட்டை ஏற்றிக்கொண்டு கப்பல் புறப்படும் நாளில் குதிரைமேல் ஏறிப் பார்ப்பாராம். கரையோரம் ஓடி வந்தால் குதிரை இங்கே இருக்கும். இல்லாவிட்டால் அதே கப்பலில் திரும்பிப் போகவேண்டும். இன்னொரு கடல் பயணத்தை அது தாங்காது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

முதல் நாள் அதை நடத்திக்கொண்டு வரும்போது உங்கள் மாமன் நண்டுக்கூடையோடு எதிரே வந்தான். குதிரைக்கு மூச்சிரைப்பதைப் பார்த்ததும் கூடைமேல் இருந்த ஈரக்கோணியை உருவி அதன் முதுகில் போர்த்தினான்.

"இதுக்குக் கீழ நண்டே சாயங்காலம் வரைக்கும் உசுரோட கெடக்குது மாமா. குதிரைக்கு இன்னா?"

எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஆனால் குதிரைக்கு முன்னைவிட மோசமாக மூச்சிரைத்தது. கஞ்சி கொண்டுவந்த உங்கள் அம்மா கோணிக்கடியில் கையை விட்டாள்.

"சோத்துப்பானையத் தொறந்தாப்போல ஆவி அடிக்குது! எடுடா கோணிய. குதிரைக்கு ஒடம்பெல்லாம் சூடுடா. ஒன் நண்டுக்கு இருக்குதா?"

"நண்டாட்டம் பழக்கிடலாம்னு பாத்தேன் அக்கா."

"பழக்கு. பக்கவாட்டுல நடந்து தொரையத் தள்ளட்டும்."

கோணியை எடுத்துவிட்டு, காற்று வரும் பக்கமாக நிறுத்தி, தண்ணீர் ஊற்றினோம். ஊற்றிய தண்ணீர் தோல்மேலேயே சூடானது. அதை மூங்கில் பத்தையால் வழித்துவிட்டு மறுபடி ஊற்றினோம். மூச்சு மெல்ல அடங்கியது.

அன்று முதல் அதுதான் வழக்கம். விடியற்காலைக் குளிரில் மட்டும் ஓட்டினால் வெயில் பழகாது. அதனால் தினமும் கொஞ்சம் வெயிலில் நடத்தினேன், நாளாக ஆக கூடுதலாக. அவித்த கொள்ளில் உப்பு, கேட்டபோதெல்லாம் தண்ணீர். முதலில் ஓடி முடித்த பிறகுதான் வியர்த்த குதிரைக்கு, பிறகு நடக்கத் தொடங்கியதுமே கழுத்து நனைந்தது.

"இப்பவே வேர்க்குதே மாமா!" என்று பதறினான் உங்கள் மாமன்.

"வேர்க்கட்டும்டா. சூடு வெளிய போவுது."

கப்பல் பாய் ஏற்றிய நாளில் துரை குதிரைமேல் ஏறினார். கரையோரமாகப் போய், சேற்றை வாரியடித்துக்கொண்டு துரையும் குதிரையும் ஓட்டமாகவே திரும்பி வந்தார்கள். நான் தண்ணீர் ஊற்றி வழிப்பதற்குள் குதிரைக்கு மூச்சு சீராகிவிட்டது. துரைதான் அவித்த நண்டுபோலச் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"மாமா, கோணி போத்தட்டுமா?" என்று உங்கள் மாமன் காதோடு கேட்டான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு துரைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, கையாலேயே லாயத்தைக் காட்டினார்.

கப்பல் போய்விட்டது. குதிரை தலையைக்கூடத் திருப்பாமல் தொட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.