ரத்த வங்கியிலிருந்து வந்த போன்

சர்ச் முகாமில் ரத்தம் கொடுத்தபோது படிவத்தில் என் மனைவியின் நம்பரை எழுதித் தொலைத்தேன். என் போன் என்றைக்கு உயிரோடு இருந்தது?

நாலாம் நாள் ரத்த வங்கியிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். "போன்ல எதுவும் சொல்லக் கூடாதும்மா. சாரை நேர்ல வரச் சொல்லுங்க."

அவள் அறிவியல் டீச்சர். தானமாக வரும் ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமியெல்லாம் தேடுவார்கள் என்று பாடமே நடத்தியவள்.

"எதுவும் இருந்தா இப்பவே சொல்லிருங்க" என்றாள். ஒன்றுமில்லை என்று பைபிள் மேல் கைவைத்துச் சொன்னேன். நேராக மாதா கோயிலுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ரெட்டியார்சத்திரத்திலிருந்து பஸ் பிடித்து இருவரும் திண்டுக்கல் போனோம். லேப்காரர் நிதானமாகச் சொன்னார்: "டெஸ்ட்டுக்கு எடுத்த டியூப் உடைஞ்சிருச்சு சார். மறுபடி கொஞ்சம் ரத்தம் வேணும்."

"இதை போன்ல சொன்னா என்னய்யா?"

"எதையுமே சொல்லக் கூடாதுன்னு ரூல் சார்."

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. ஒரு கிருமியும் இல்லை.

"மாதா காப்பாத்திட்டா. ஞாயித்துக்கிழமை மொட்டை" என்றாள்.

"யாருக்கு?"

"நேந்துக்கிட்டது நான். ரத்தம் உங்களுதுல்ல?"