ஞானேஸ்வரி தெரிவுசெய்த தீனிக்கிண்ணம்

டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரத்தில் எங்கள் ஆட்களின் வீட்டுத் தோட்டம் என்றால் வெந்தயக்கீரை இருக்கும், கண்ணாடிக் கூடாரத்துக்குள் பச்சைமிளகாயும் கத்தரியும் இருக்கும். தேவராசா அண்ணையின் தோட்டத்தில் சமைக்கக்கூடிய எதுவும் கிடையாது. புல், ஒரு அப்பிள் மரம், வேலியோரமாகப் பலகையில் செய்த குருவிக்கூடுகள். அதனால் அவருக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் ‘குருவியர்’. அது அவருக்கும் தெரியும். கோபிக்கமாட்டார்.

நானும் அவரும் ஒரே பிளாஸ்ரிக் குழாய்த் தொழிற்சாலையில் வேலை செய்தோம். எண்பத்தாறில் இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர். பல வருடம் மாடிக் குடியிருப்பில் இருந்துவிட்டு, நகரத்தின் ஓரத்தில் ஒரு பழைய செங்கல் வீட்டை வாங்கினார். வாங்கிய முதல் மாதமே குருவிக்கூடு பார்க்க என்னையும் தோட்டச் சாமான் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

கண்ட கண்ட கூட்டை எடுக்கிற ஆள் இல்லை அவர். இதய வடிவத்தில் வாசல் வெட்டி, சிவப்பும் நீலமும் பூசிய மலிவுக் கூடுகளைக் கண்டால் “இது விளையாட்டுச் சாமான்” என்று விலகிவிடுவார். ஓக் பலகை, கறுப்புத் தகரத்தில் சரிந்த கூரை, தீன் போடக் கண்ணாடிக் குழாய் என்று அளவான அழகுள்ளவைதான் அவருக்கு வேண்டும். கையை நீட்டித் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, “மழையில நனைஞ்சு பழசானாலும் இது வடிவாய் இருக்குமோ?” என்று என்னைக் கேட்பார். எனக்கு என்ன தெரியும்? ஓம் என்பேன். ஒருமுறை பக்கத்து வீட்டு டெனிஸ்காரர் பீற்றர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, கூடு அழகுதான், ஆனால் வாசல் பெரிது, பெரிய குருவி புகுந்து சின்னதைக் கலைத்துவிடும் என்றார். அண்ணை அன்றே அதைக் கொண்டுபோய் மாற்றிவிட்டு வந்தார்.

ஏன் இந்தப் பைத்தியம் என்று ஒருநாள் வேலை இடைவேளையில் கேட்டேன்.

“அகதி முகாமில என்ர ஜன்னலுக்கு வெளியில ஒரு கூடு தொங்கினது. ஒவ்வொரு நாளும் அதைப் பாத்துக்கொண்டு கிடப்பன். இந்த நாட்டில குருவிக்கும் தனிவீடு இருக்கு, நான் ஆறு பேரோட ஒரு அறைக்குள்ள கிடக்கிறன் எண்டு நினைப்பன்” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவருடைய மனைவி ஞானேஸ்வரி அக்காவுக்கு, எங்களுக்கு ஞானம் அக்கா, குருவிகளில் விருப்பம் இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்துவிட்டு வந்து காயப்போட்ட உடுப்பை எடுத்தால் அதில் எச்சம் இருக்கும். “உங்கட விருந்தாளிகளின்ர வேலையைப் பாருங்கோ” என்று சட்டையைக் கொண்டுவந்து காட்டுவா. அந்த வீட்டில் சண்டை என்றால் அவ்வளவுதான் சண்டை.

ஞானம் அக்காவுக்கு ஒரேயொரு தங்கை. பெயர் சுபாஜினி. கிளிநொச்சியில் பாலர் பாடசாலை ஆசிரியையாக இருந்தாள். கணவனும் இரண்டு பெண் பிள்ளைகளும். இரண்டாயிரத்து எட்டின் கடைசியில் யுத்தம் நெருங்க, அவர்கள் வீட்டை விட்டு ஓடத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஊராக விலகி விலகி, மாசி மாதம் கடற்கரைப் பக்கம் வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

அதன் பிறகு அந்த வீடு வேறு வீடாகிவிட்டது. தொலைக்காட்சி ஒரு பக்கம், கணினி ஒரு பக்கம், இரண்டும் நிற்பாட்டுவதில்லை. ஞானம் அக்கா வேலையால் வந்து, குளிர்ச் சட்டையைக் கழற்றாமலே அவற்றுக்கு முன்னால் இருப்பா. சமையல் முழுக்க அண்ணைதான்.

மாசியில் ஒருநாள் தொலைபேசி மணி அடித்தது. சுபாஜினிதான். அங்கே யாரோ ஒருவரிடம் செயற்கைக்கோள் வழியாகப் பேசுகிற செய்மதித் தொலைபேசி இருந்தது. சனம் வரிசையில் நின்று ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேசியது. “அக்கா, நாங்கள் இருக்கிறம். பிள்ளையளும் இருக்கினம்” என்றாள். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அவளுக்கு மனப்பாடமாக இருந்தது இந்த வீட்டு இலக்கம் மட்டுந்தான். அன்றிலிருந்து வீட்டில் யாராவது ஒருவர் எப்போதும் இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தார்கள். ஞானம் அக்கா வேலைக்குப் போனால் அண்ணை இருப்பார். அண்ணை போனால் அவ இருப்பா. இரண்டு பேரும் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தால் வந்த மகள் சயந்தினி இருப்பாள்.

சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அண்ணை மகளைத் தொலைபேசிக்குக் காவல் வைத்துவிட்டு, “ஞானம், ஒருக்கா என்னோட வாரும். ஒரு மணித்தியாலம்” என்று மனைவியைத் தோட்டச் சாமான் கடைக்குக் கூட்டிப் போனார். வாங்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவவை அந்தத் திரைகளுக்கு முன்னாலிருந்து எழுப்ப வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

அவர் கூடுகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அவ பின்னால் நடந்தா. ஒரு இடத்தில் நின்றுவிட்டா. குருவிகளுக்குத் தீன் போடத் தொங்கவிடுகிற வெள்ளைப் பீங்கான் கிண்ணம். விளிம்பில் மெல்லிய நீலக் கோடு. அவ விரலால் அந்தக் கோட்டைத் தடவினா.

“இது வடிவாய் இருக்கு” என்றா.

மழைத் தண்ணீர் விழுந்து தீன் ஊறிப் பழுதாகும், வேறு நாள் என்றால் அண்ணை அதைத் தொட்டிருக்கவும் மாட்டார். ஆனால் அந்த வீட்டில் ‘வடிவு’ என்ற சொல் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. எடுத்துக்கொண்டு நேரே காசாளரிடம் போனார்.

காரில் வரும்போது அவவே சொன்னா. “நாளைக்கு நான் வேலையால வரேக்குள்ள இது குசினி ஜன்னலுக்கு முன்னால தொங்க வேணும்.”

மறுநாள் சனிக்கிழமை. ஞானம் அக்காவுக்குப் பகல் வேலை. சயந்தினி விளையாட்டுக்குப் போய்விட்டாள். அண்ணை சமையலறை ஜன்னலைத் திறந்து, தொலைபேசியை ஜன்னல் ஓரத்தில் வைத்தார். வெளியே நின்று சுவரில் துளை போடத் தொடங்கினார். பழைய செங்கல், இறுகிப்போயிருந்தது. துளைகருவி நீண்ட நேரம் உறுமியது. கொளுக்கியை இறுக்கி, கிண்ணத்தைத் தொங்கவிட்டு, சூரியகாந்தி விதை போட்டு, தள்ளி நின்று பார்த்தார். திருப்தியாக இருந்தது. தண்ணீர் குடிக்க உள்ளே போனபோதுதான் தொலைபேசியில் சின்னச் சிவப்பு வெளிச்சம் மினுங்குவதைக் கண்டார்.

நீளமான இலக்கம். மாசியில் வந்த அதே மாதிரி இலக்கம்.

திருப்பி எடுத்தார். தொடர்பு இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடியும் எடுத்தார். மறுபடியும் அதே குரல். கையில் செங்கல் தூளோடு குசினியிலேயே நின்றார்.

ஞானம் அக்கா தோட்டத்து வழியால் வந்து, கிண்ணத்தைக் கண்டு, லேசாகச் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தா. அவ சப்பாத்தைக் கழற்ற முன்பே அண்ணை சொல்லிவிட்டார்.

“ஞானம், ஒரு கோல் வந்திருக்கு. நான் சுவரில துளை போட்டுக்கொண்டு நிண்டனான். எனக்குக் கேக்கேல்லை.”

அவ தொலைபேசியைக் கையில் எடுத்துப் பார்த்தா. “எத்தினை தரம் எடுத்திருக்கு?”

“ஒருக்கா.”

“ஒருக்காத்தானே. திருப்பி எடுப்பாள்.”

தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. அன்று வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அந்தக் கிழமை முடிந்து அடுத்த கிழமையும் போனது.

ஒருநாள் அண்ணை அவவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். “என்னை ரெண்டு வார்த்தை ஏசும் ஞானம். ஏசினால் எனக்குச் சுகமாய் இருக்கும்” என்றார்.

“என்னெண்டு ஏசிறது? நான்தானே மாட்டச் சொன்னனான்.”

அண்ணை சமைக்கப் போனார்.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. டெனிஸ் செய்தியில் சின்னதாக ஒரு துண்டு சொன்னார்கள். அன்று பின்னேரம் அண்ணை குப்பை போட வெளியே போனபோது பீற்றர் வேலிக்கு மேலால் கையை நீட்டினார். “உங்கள் நாட்டில் யுத்தம் முடிந்துவிட்டதாமே, நல்ல செய்தி” என்றார். பீற்றர் நல்ல மனிதர். மனதாரச் சந்தோசப்பட்டுத்தான் சொன்னார். அண்ணை அந்தக் கையைப் பிடித்து நன்றி சொன்னார். உள்ளே வந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டார்.

ஆடி மாதம் வவுனியா முகாமிலிருந்து ஒரு பெண், சுபாஜினி சொல்லிவைத்திருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். கடைசி நாட்களில் சுபாஜினியோடு ஒரே பதுங்கு குழியில் இருந்தவளாம். குழிக்குப் பக்கத்தில் செல் குண்டு விழுந்தது. சுபாஜினியும் இரண்டு பிள்ளைகளும் அந்த இடத்திலேயே. கணவனை யாரும் பிறகு காணவில்லை. எந்த நாள் என்று கேட்டதற்கு, “நாளெல்லாம் தெரியாதக்கா. பகலோ இரவோ எண்டே தெரியாமல் கிடந்தனாங்கள்” என்றாள்.

ஞானம் அக்கா அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டா. “சித்திரையில ஒரு சனிக்கிழமை அவள் எங்களுக்கு எடுத்தவளோ?”

“ஓம் அக்கா. நானும் அவவுக்குப் பின்னால வரிசையில நிண்டனான். மணி அடிச்சுக்கொண்டே இருந்தது. ‘அக்காவையள் வெளியில போயிட்டினம் போல. போகட்டும், அவையாவது வெளியில போய் வரட்டும்’ எண்டு சிரிச்சவ. பிறகு ஃபோனை எனக்குத் தந்திட்டா.”

“என்ன சொல்ல எடுத்தவள்?”

“தெரியாதக்கா. சும்மா கதைக்கத்தான் எண்டு நினைக்கிறன்.”

ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற தேவராசா அண்ணை அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். வாய்விட்டு அழுதார். சித்திரையிலிருந்து அடக்கியிருந்த அழுகை. ஞானம் அக்கா பக்கத்தில் குந்தியிருந்து அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தா.

அதற்குப் பிறகு அவர் புதிதாக ஒரு கூடும் வாங்கவில்லை. பழையவற்றில் குருவிகள் வந்து குஞ்சு பொரித்தன. அவர் போய்ப் பார்க்கவில்லை. அந்தக் கிண்ணம் பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்து பிளந்து விழுந்தது. ஞானம் அக்கா துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டா.

திவசத்துக்கு நாள் தெரியாது. திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம் என்று கோயில் ஐயர் சொன்னார். அப்படியே வீட்டில் படையல் வைத்தார்கள். நாங்கள் சில பேர் போயிருந்தோம். சாப்பிட்டு முடிந்ததும், எப்போதும் தாய்க்கு டெனிஸில் பதில் சொல்லுகிற சயந்தினி தமிழில் கேட்டாள்.

“அம்மா, சித்தி எப்பிடிப்பட்ட ஆள்?”

ஞானம் அக்கா தட்டை ஒதுக்கி வைத்தா.

“சரியான கள்ளி அவள். என்ர புதுச் சட்டையை உள்ளுக்குப் போட்டு, மேல தன்ர பழசைப் போட்டுக்கொண்டு ரியூசனுக்குப் போவாள். தெரு முடக்கில நிண்டு பழசைக் கழட்டிப் பையுக்குள்ள வைப்பாள். திரும்பி வரேக்குள்ள மறுபடி பழசு. ஒருநாள் மழை. பழசு நனைஞ்சுபோச்சு, போடேலாது. என்ர சட்டையோடயே வந்து வாசலில நிண்டு ‘அக்கா, உன்ர சட்டை நனைஞ்சு போகாமல் நான்தான் போட்டுக்கொண்டு வந்தனான்’ எண்டாளே!”

சயந்தினி சிரித்துவிட்டாள். நாங்களும் சிரித்தோம்.

“நீர் இதை எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை” என்றார் அண்ணை.

“நீங்கள் கேக்கேல்லையே” என்று சொன்னவ சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டா. தோள் குலுங்கியது. தங்கைக்காக அவ அழுது நாங்கள் கண்டது அன்றுதான். அண்ணை கதிரையை நகர்த்திப் பக்கத்தில் போய் இருந்தார். நாங்கள் சத்தமில்லாமல் எழும்பி, வாசலில் சப்பாத்துகளைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம்.