பிரிக்காத தந்தியோடு கடல் கடந்தவன்

தந்தி வந்தால் சாவுதான் என்று நம்பிய பள்ளிக்கூட வாத்தியார் நான். மகள் பல்கலைக்கழகம் போய் மூன்று மாதம். ஒவ்வொரு கடிதத்திலும், "அப்பா, இங்கே இருக்க ஏலாது" என்று அழுகை. அந்த நேரம்தான் மூதூர் வீட்டுக்குத் தந்தி வந்தது. பிரிக்கத் தைரியமில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மகளிடம் போவதற்காகத் திருகோணமலை போகும் லோஞ்சில், அந்த மோட்டார் படகில், ஏறி, ஓவென்று அழுதேன்.

பக்கத்திலிருந்த கடைக்கார நானா, எங்கள் ஊர் முஸ்லிம் அண்ணன், கேட்டார்: "தந்தியில என்ன இருக்கு, மாஸ்டர்?"

"பிரிக்கேல்லை, நானா."

"அப்ப ஆர் செத்ததெண்டு தெரியாமலா இந்த ஒப்பாரி? கொண்டாங்க!"

அவர் உறையைக் கிழிக்க, நான் கண்ணை இறுக மூடினேன்.

இப்போதெல்லாம் தந்தியைப் பிரித்த பிறகுதான் அழுவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன். அன்று நானா வாசித்தது இதுதான்: "லீவுக்கு வரவில்லை. சிநேகிதிகளோடு நாடகம் பழகுகிறேன்."