சவுரிராயனின் எட்டு மாதத் தாடி

நாலு எட்டு நடந்து, கதையில் வரும் ஒருவன் வசனத்தைப் பேசுகிறார் சவுரிராயன். திரும்பி நாலு எட்டு நடந்து அடுத்தவன் பதிலைச் சொல்கிறார். திண்டிவனம் பேருந்து நிலையத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் பையை இறுக்கிக்கொண்டு நகர்கிறார்கள். பேருந்தில் இடம் காலியாக இருந்தாலும் சவுரிராயன் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டேதான் விழுப்புரம் வருவார். "உக்காந்துகினா வசனம் வராது சார். எனக்கு மூளை கால்லதான் இருக்குது" என்பார். தினமும் ஒரே பேருந்தில் போகிற பாவத்துக்கு, இரண்டு வருஷமாக நான்தான் அவருடைய முதல் ரசிகன்.

வயது ஐம்பத்தொன்பது. விழுப்புரத்தில் இரும்புக்கடை வேலை. ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் பாஸ்கா நாடகத்தில் பத்தொன்பது வருஷம் இயேசுவைச் சவுக்கால் அடிக்கிற சேவகன் வேஷம். அந்த முழியைப் பார்த்துத்தான் சினிமாவுக்குக் கூப்பிட்டார்கள். முப்பத்தேழு படம், முக்கால்வாசியில் இடைவேளைக்குள் செத்துப்போவார். "பொணமா படுக்கறதும் நடிப்புதான் சார். ஈ ஒக்காந்தாலும் மூஞ்சி ஆடக்கூடாது."

அப்படிப்பட்டவர் தனக்கென்று ஒரு திரைக்கதை எழுதினார். மரக்காணம் உப்பளத்துக் காவல்காரன் கதை. கடைசிக் காட்சிவரை சாகாதவன். சென்னையில் ஓர் இளம் இயக்குநர் வாங்கிப் படித்துவிட்டு, "சொல்றேன்" என்றார். அவ்வளவுதான், அன்றே இவர் அந்த வேஷத்துக்குத் தாடி வளர்க்கத் தொடங்கிவிட்டார். எட்டு மாதம். நடுவில் வந்த இரண்டு போலீஸ் வேஷமும் தாடியால் போயிற்று. "தாடி சோறு போடுமாண்ணா? நீங்களாச்சும் கேளுங்க" என்று அவர் மனைவி ஆரோக்கியசெல்வி என்னிடம் முறையிட்டார். கேட்டேன். "ஜல்தியா வாங்கன்னு கூப்புட்டா, ஒட்டுத்தாடியோடவா போய் நிக்கறது?" என்று என்மேல் பாய்ந்தார்.

போன செவ்வாய்க்கிழமை, பேருந்து விக்கிரவாண்டியைத் தாண்டும்போது இயக்குநரிடமிருந்து அவருக்குப் போன் வந்தது. கதையை எடுக்கிறார்கள். எழுத்து என்று அவர் பெயர் வரும். காவல்காரனாக நடிக்கப்போவது மட்டும் பெயர்பெற்ற வேறொரு நடிகர். "சரிங்க சார். பரவால்லீங்க சார்" என்று போனை வைத்தவர், இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இறங்கியதும் நேரே சலூனுக்குப் போனார். மனசு கேட்காமல் நானும் பின்னால் போனேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். கத்தி கன்னத்துக்கு வந்த நேரம், சலூன்காரரின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருப்பா." போனை என்னிடம் நீட்டினார். "நேரா ஒண்ணு, ரெண்டு சைடும் ஒண்ணொண்ணு போட்டோ எடுங்க சார். டைரக்டருக்கு அனுப்பணும். உப்புக்காத்துல கெடக்கறவன் தாடி இப்பிடித்தான் இருக்கும். அந்த நடிகருக்குத் தெரிஞ்சிருக்காது."

நான் போனைத் தூக்கியதும் நாற்காலியை விட்டு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டு, உப்பளத்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, காவலுக்கு நின்றார்.