வெளியில் மேயும் கோழிகள்

ராயக்கோட்டை ரோட்டில் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை அட்டைகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. ஓசூர் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு போக்கிடம் இல்லாமல்தான் இங்கே சேர்ந்தேன். ஸ்டிக்கரில் பச்சைப் புல், சிவப்புக் கோழி, 'வெளியில் மேயும் கோழிகளின் முட்டை' என்ற எழுத்து. நல்ல கூத்து. எங்கள் கோழிகள் புல்லைக் கண்ணால் கண்டதில்லை. கூண்டு இல்லை, அதுவரை உண்மை. ஷெட்டுக்குள் தரையில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. பக்கச் சுவரில் ஒரு கதவு, அதற்கு எப்போதும் பூட்டு. அந்தப் பக்கம் கம்பிவேலி போட்ட காலி இடத்தில் ஓனர் கார் நிறுத்துவார்.

போன வருஷம் பெங்களூர்க் கடைக்காரர்கள் சர்ட்டிபிகேட் கேட்டார்கள். சோதனைக்கு வருகிறவர் முந்தின நாளே போன் செய்து சொல்லிவிட்டார். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு அவகாசம் தரமாட்டார்கள்.

காலையில் ஓனர் பூட்டைத் திறந்தார். என்னைப் பார்த்து, "சர்ட்டிபிகேட் வரலன்னா ஸ்டிக்கரும் இல்ல, உனக்கு வேலையும் இல்ல. பாத்துக்கம்மா," என்றார்.

ஒரு கோழியும் அசையவில்லை. வாசலில் விழுந்த வெயிலைக் கண்டு பின்வாங்கின.

"நின்னு வேடிக்க பாத்தா? தொரத்துங்க."

சாக்கை உதறிக்கொண்டு நான்தான் முதலில் இறங்கினேன். கூட வேலை செய்யும் அக்கா என் கையைப் பிடித்தாள். "வேணாண்டி. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிச் செத்துப்போயிரும்." உதறிவிட்டேன். வேலை போனால் இவளா எனக்குச் சோறு போடுவாள் என்று ஆத்திரம். கோழிகள் கதவுப் பக்கம் போகாமல் எதிர் மூலைக்கு ஓடின. ஏறி மிதித்துக் குவிந்தன. நான் அலறியடித்து அள்ளிப் பிரித்தபோது அடியில் கிடந்தவற்றின் உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை. அவற்றைச் சாக்கில் போட்டுத் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளினோம்.

வந்தவர் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். திறந்த கதவைப் படம் எடுத்தார். கோழிகள் ஏன் வெளியே இல்லை என்று என்னிடம் கன்னடத்தில் கேட்டார். இப்போதுதான் மேய்ந்துவிட்டு உள்ளே வந்தன என்று நானும் கன்னடத்திலேயே பொய் சொன்னேன். நாக்கு குழறவே இல்லை. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. வெளியே போக வழி இருக்கிறதா என்றுதான் அவருடைய தாளில் இருந்தது. போகின்றனவா என்று அதில் கேட்கவே இல்லை. காபி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என் வேலை பிழைத்தது.

அவர் கார் கிளம்பிய பிறகு வேலிக்குள் குழி தோண்டினோம். சாக்கைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவு வழியாகப் போனேன். அன்றைக்கு வெளியே போன கோழிகள் அவை மட்டும்தான்.