மகள் திருத்திய என் வாதங்கள்

மொன்ட்ரியலில் ஒரு கல்லூரியில், பிறர் பேச்சில் மயங்காமல் இருப்பது எப்படி என்று இளசுகளுக்குக் கற்பிப்பது என் தொழில். விளம்பரமோ தேர்தல் உரையோ, எதைக் கொடுத்தாலும் நாலு கேள்வி கேட்கவேண்டும்: யார் பேசுகிறார், யாரிடம், அவருக்கு என்ன வேண்டும், எதை மறைக்கிறார். பாடத்தை வகுப்போடு விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். பெருமை பிடித்த நான் அதைச் சாப்பாட்டு மேசை வரைக்கும் கொண்டுவந்து மகளுக்கும் ஊட்டிவிட்டேன்.

அவளுக்கு ஹலிஃபாக்ஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். நாங்கள் இருப்பது கோட்-டெ-நெய்ஜில். ஜன்னலைத் திறந்தால் இந்த ஊர்ப் பல்கலைக்கழகம் தெரியும். அதை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போவதாவது! வீட்டில் வேறு நானும் அவளும்தான். புதன்கிழமை அவளுக்குப் பிடித்த புட்டை அவித்து வைத்துவிட்டுத் தொடங்கினேன்.

“அங்கை சரியான குளிர், பிள்ளை.”

“மொன்ட்ரியலிலை இருந்துகொண்டு இதைச் சொல்லுறியளே அம்மா?”

“சனம் என்ன கதைக்கும்?”

“எந்தச் சனம்? ஒரு ஆளைச் சொல்லுங்கோ பாப்பம்.”

பார்க் எக்ஸ்டென்ஷன் மரக்கறிக் கடையில் என்னைக் கண்டால் வீட்டு விடுப்பு, வம்பெல்லாம் விசாரிக்கும் ஒரு அன்ரியைத் தவிர, எனக்கும் ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. அவரும் தன் மகளை வன்கூவருக்கு அனுப்பிவிட்டு இருப்பவர்.

“உன்னை வளக்க நான் பட்ட பாடு...”

“இரக்கத்தைக் கிளறுறியள். நீங்கள் சொல்லித்தந்ததுதான்.”

கடைசியில், எங்கள் தாய்மார் காலங்காலமாகப் பாவித்துவரும் ஆயுதத்தை எடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, “எனக்கென்ன, உன்ரை விருப்பம்,” என்றேன்.

அவள் கைதட்டினாள். “இதுதான் உங்கடை திறமான அடி. பத்துக்குப் பத்து!”

எனக்கு வந்ததே ஒரு கோபம்! மூடியைத் தூக்கிச் சட்டியில் அடித்தேன். “போடி! நீ போனா இந்த வீட்டிலை எனக்குக் கதைக்க ஒரு ஆளில்லை. பயமாக் கிடக்கு. அவ்வளவுதான், போதுமே?”

அதில் ஒரு உத்தியும் இல்லை. அவள் தேடித்தான் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “அப்ப நான் போகேல்லை அம்மா,” என்றாள்.

வென்றுவிட்டேன். இத்தனை வருடம் கற்பித்த ஒரு உத்தியாலும் முடியாததை ஒரு உண்மை முடித்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் என் தட்டைத் தள்ளிவைத்தேன். எதிரே அவளும் புட்டை விரலால் அளைந்துகொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலை தேத்தண்ணியை நீட்டியபடி சொன்னேன்: “உன்ரை அறைக்கு வாடகைக்கு ஒரு மாணவியைப் பிடிச்சிட்டன். செப்டெம்பரிலை வாறாள். நல்லாக் கதைப்பாளாம், சமைக்கவும் தெரியுமாம். நீ நிண்டியோ, எனக்குத்தான் கரைச்சல்.”

அப்படி ஒரு மாணவி இந்த ஊரில் எங்கும் இல்லை. நான் இதை வகுப்பில் கொடுத்திருந்தால் கடைசி வரிசை வாங்கில் தூங்குபவன்கூடப் பிடித்திருப்பான், அவ்வளவு மட்டமான பொய்.

மகள் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டாள். நாலு கேள்வியில் ஒன்றைக்கூட அவள் கேட்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தாள்.

“அம்மா, பெரிய சூட்கேஸை எங்கை வைச்சனீங்கள்?”