பட்டர் ஃப்ரூட் மரத்துக்குப் பட்டினி வைத்தியம்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் நாம் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னால் ஒரு பட்டர் ஃப்ரூட் மரம், இப்போது அவகேடோ என்கிறார்களே அதுதான், இருந்தது. அதன் அடியில், இரண்டு புடவையை விரித்தால் மூடிவிடக்கூடிய அளவுக்குக் கொஞ்சம் புல். வீட்டு ஓனர் அதை 'லான்' என்று மரியாதையாகச் சொல்வார். பிள்ளைகளா, உங்கள் இருவருக்கும் அதுதான் கிரிக்கெட் மைதானம், கல்யாண மண்டபம், சில நாள் போலீஸ் ஸ்டேஷன். தொண்ணூறுகளின் நடுவில் அந்த இடம் நம் கையை விட்டுப் போகப் பார்த்தது. நீங்கள் இதைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் கதையில் பாதியைத்தான் சொல்கிறீர்கள், அதுவும் உங்களுக்குச் சாதகமான பாதியை. அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

ஓனர் பசவனகுடியில் இருந்தார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார். வந்ததும் முதலில் மரத்தைப் பார்ப்பார், அப்புறம் புல்லைப் பார்ப்பார், கடைசியில்தான் மனிதர்களைப் பார்ப்பார். அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் மரத்தடியிலேயே நின்றுவிட்டார். உச்சிக் கிளைகள் மொட்டையாக இருந்தன. மிச்சம் இருந்த இலைகளும் வெளுத்து, நுனி கருகி, காய்ச்சல்காரன் கை மாதிரித் தொங்கின. புல்லிலோ வட்டவட்டமாக மஞ்சள் படை.

"மர ஹோய்த்து சார், போச்சு," என்றார். "உகாதி வரைக்கும் பார்க்கறேன். துளிர் வரலேன்னா கட். அந்த ஜாகால ஒரு ரூம் போட்டுடறேன். யாராவது ஐ.டி. பையன் வந்து இருந்துக்கட்டும்."

அவர் கேட்டைத் தாண்டியதும் உங்கள் அம்மா சொன்னாள்: "ரூம் வந்துடுச்சுன்னா சமையக்கட்டுல பகல்லயே லைட்டு போடணும். இதுங்க ரெண்டும் வெளையாட எங்க போவும்? என் தலை மேலயா?"

அன்றிலிருந்து ஆளாளுக்கு டாக்டர் ஆனார்கள். மாடி வீட்டு சார் காபித்தூள் சக்கையைக் கொண்டுவந்து கொட்டினார். "எங்க ரோஜாவுக்கு இதுதான் சார் டானிக்." எதிர் வீட்டு அம்மா கண் திருஷ்டி என்று சொல்லி ஒரு பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டார். மொட்டைக் கிளையில் அது ஒன்றுதான் காய்த்த மாதிரி இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் உங்களுக்குப் பிடிக்காத பாலை மரத்துக்கு ஊற்றியதும் எனக்குத் தெரியும். டம்ளரைக் கழுவி வேறு வைத்தீர்கள். அதில்தான் சந்தேகம் வந்தது.

நான் படித்தது பத்தாவது. செடி மருந்தெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் ஃபேக்டரியில் எனக்குப் பழுது பார்க்கும் வேலை. மெஷின் நின்றால் புதுசாக எதையும் மாட்டுவதற்கு முன்னால், அதற்குள் தினமும் என்ன போகிறது என்று பார்ப்போம். மரத்துக்கும் அதையே செய்தேன். ஒரு கடப்பாரையை எடுத்து வேர்ப்பக்கம் குத்தினேன். குத்த வேண்டிய அவசியமே இல்லை. அல்வாவில் ஸ்பூன் இறங்குவது மாதிரி அதுவாகவே இறங்கியது. வெளியே இழுத்தபோது சாக்கடை வாடை. சின்ன வேர் ஒன்றைப் பிடித்து உருவினேன். தோல் மட்டும் கையோடு வந்தது, உள்ளே கறுப்பு.

இலை தொங்குகிறது, ஆனால் மண் ஈரம். அப்படியென்றால் அது தாகம் இல்லை. வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. இலை தொங்குவதைப் பார்த்து நாம் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம்.

எவ்வளவு தண்ணீர் என்பது தண்ணீர் வரும் நாளில்தான் தெரிந்தது. அப்போது குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும். தெருவில் எல்லார் வீட்டிலும் ஒரே பழக்கம்: புதுத் தண்ணீர் வருகிற சத்தம் கேட்டால், பிடித்து வைத்திருந்த தண்ணீர் அந்த நிமிஷமே 'பழசு' ஆகிவிடும். டிரம், அண்டா, குடம், பக்கெட் எல்லாவற்றையும் காலி பண்ணிக் கழுவிவிட்டுத்தான் புதுசைப் பிடிப்பார்கள். நம் வீட்டுப் பழசு, மாடி வீட்டுப் பழசு இரண்டும் மரத்தடிக்குத்தான் போகும். வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்!

கழுவிய பாத்திரங்களை உங்கள் அம்மா எங்கே கவிழ்த்து வைக்கிறாள் என்று பார்த்தேன். புல் மேல். வெயிலில் அண்டா சுடச்சுடக் காய்ந்துகொண்டிருந்தது. நான் எழுந்து போய் அதைத் தூக்கி, பக்கத்தில் இருந்த மஞ்சள் வட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது. குடத்துக்கு ஒரு வட்டம், பக்கெட்டுக்கு ஒரு வட்டம், பருப்புக் குண்டானுக்குக்கூடக் குட்டியாக ஒன்று.

"புல்லுக்குச் சொறி சிரங்கு ஒண்ணும் இல்ல," என்றேன். "உன் அண்டாதான்."

"ஆமா, எல்லாத்துக்கும் நான்தான். ஃபேக்டரில மெஷின் நின்னாலும் என் அண்டாதான்னு சொல்லுங்க."

"இனிமே மரத்துக்குத் தண்ணி கிடையாது. பட்டினி போடப் போறேன்."

"அப்ப பழைய தண்ணிய என்ன பண்றது? நேத்து தண்ணிய இன்னிக்குக் குடிக்கச் சொல்றீங்களா?"

"நேத்து அதைத்தானே குடிச்சோம்?"

"நேத்து அது பழசில்லையே!"

இந்த இடத்தில் என் பத்தாவது படிப்பு தோற்றுப்போனது. கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று: பாத்திரங்களைப் புல்லில் இல்லாமல் சிமெண்டுத் தரையில் கவிழ்ப்பது, பழைய தண்ணீரில் மாடி வீட்டு சாருடைய ஸ்கூட்டரைக் கழுவுவது. முதல் முறை அவர் நெகிழ்ந்துபோனார். அப்புறம் ஆபீஸ் கிளம்பும்போதெல்லாம் ஸீட் ஈரமாக இருக்கவே, தண்ணீர் வரும் நாளில் வண்டியைக் கொண்டுபோய் அடுத்த கிராஸ் தெருவில் ஒளித்து வைக்க ஆரம்பித்தார்.

மரத்தடியில் மேடாகக் குவிந்திருந்த சேற்றையும் காபிச் சக்கையையும் அள்ளி அப்புறப்படுத்தினேன். அடிமரத்தைச் சுற்றி மண்ணை விலக்கிவிட்டு, தேங்கின நீர் ஓடிப்போகச் சின்னதாக வாய்க்கால் வெட்டினேன். சுண்ணாம்பையும் மயில்துத்தத்தையும் தனித்தனியாகக் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, அழுகல் மேலே ஏறாமல் இருக்க அடிமரத்தில் பூசினேன். இரும்பு வாளி கூடாது என்று உரக்கடைக்காரர் சொல்லியிருந்தார். மொட்டைக் கிளைகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே காய்ந்து பழுப்பாக இருந்ததை வெட்டினேன். பச்சை தெரிந்ததை விட்டுவிட்டேன். பச்சை தெரிந்தவை கொஞ்சம்தான்.

பிறகு காத்திருந்தோம். புல்லில் வட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. மரம் மட்டும் கல்லு மாதிரி நின்றது. எதிர் வீட்டு அம்மா கேட்டார்: "மரத்துக்குத் தண்ணிகூட ஊத்தறதில்லையாமே, அவ்ளோ கோவமா?"

உகாதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஓனர் வரும் நாள். அன்று காலை நான் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பினால், மரம் பச்சையாக நிற்கிறது! காய்கறிப் பையைக் கேட்டிலேயே போட்டுவிட்டு ஓடினேன். கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாம் மாவிலை. பூக்கட்டுகிற நூலால் கிளைக்குக் கிளை கட்டியிருந்தீர்கள். பெரியவள் கட்ட, சின்னவன் ஏற, உங்கள் அம்மா கீழே நின்று, "அந்தப் பக்கம் சொட்டையா இருக்கு பாரு," என்று கைகாட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குத் தெரியப் போவுது? ரெண்டும் நீட்ட இலைதானே?" என்றாள் என்னிடம்.

அவிழ்க்க நேரம் இல்லை. கேட் கிரீச்சிட்டது.

ஓனர் தூரத்திலிருந்தே முகம் மலர்ந்தார். "அப்பா! சிகுரு வந்துடுச்சா! துளிரு!" என்று வேகமாக வந்து, தாழ்ந்த கிளையைப் பிடித்து ஓர் இலையைத் தடவினார். இலை நூலோடு கையில் வந்தது. அதைத் திருப்பிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். பிறகு நம் நாலு பேரையும் வரிசையாகப் பார்த்தார்.

"ஏன்ரீ, மரத்துக்கே தோரணமா? இன்னிக்கு என்ன ஹப்ப?" பண்டிகையை அவர் தமிழிலும் ஹப்ப என்றுதான் சொல்வார்.

"உகாதி வருதில்ல..." என்று உங்கள் அம்மா இழுத்தாள்.

அவர் சிரிக்கவில்லை. அடுத்த இலையை இழுத்தார், வந்தது. இன்னொன்றை இழுத்தார், அதுவும் வந்தது. "சும்னே என் டைம் வேஸ்ட். நாளைக்கே ஆளை அனுப்பறேன், வெட்டட்டும்," என்று சொல்லிக்கொண்டே, கிளை நுனியில் செம்பு நிறத்தில் தீக்குச்சித் தலை மாதிரி இருந்த ஒன்றைப் பிடித்தார்.

"ஐயோ சார், அது நாங்க கட்டலை!" என்று பெரியவள் கத்தினாள்.

சத்தியமாக நம் யார் கண்ணிலும் அது வரை அது படவில்லை. ஆனால் நூலும் கையுமாக மாட்டிக்கொண்டவர்கள் சொன்னால் யார் நம்புவார்கள்? இதுவும் நூல்தான் என்று நினைத்துச் சுண்டி இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். கிள்ளிக்கொண்டு வந்தது. ஒடிந்த இடம் ஈரமாக, இளம்பச்சையாகத் தெரிந்தது.

அவர் உள்ளங்கையில் அந்தத் துளிர் சோற்றுப்பருக்கை மாதிரி கிடந்தது.

"நிஜவா இது?" என்றார் மெதுவாக.

"நிஜம்தான் சார்," என்றேன். "இப்ப இல்ல."

மனிதருக்கு முகமே செத்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மாவிலைகளை ஒதுக்கி ஒதுக்கித் தேடினார். நாமும் தேடினோம். சின்னவன்தான் மேலே, தான் காலை வைத்து ஏறின கவட்டைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு துளிர்களைக் கண்டுபிடித்தான். "பிடிச்சு இழுத்துக் காட்டவா சார்?" என்று கேட்டான்.

"பேடா, பேடா! கையை எடுடா!" என்று அலறினார் ஓனர். அப்புறம் என் பக்கம் திரும்பி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "ஆய்த்து பிடி, போகட்டும் விடுங்க. ரூம் கீம் எல்லாம் அப்புறம் பார்க்கலாம்," என்றார். கிள்ளின துளிரைக் கீழே போட மனசு வராமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் வந்தபோது மரத்தில் உண்மையாகவே செந்துளிர் விட்டிருந்தது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், ஒவ்வொரு கிளையாக, கழுத்தை நீட்டி நீட்டி. கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.